கம்ப்யூட்டர் கணக்கு சரிதான்… சம்பளக் கட்டத்தில் பூஜ்யம் போட்டது யார்?



ஒவ்வொரு பட்ஜெட்டுக்கும் முன்னாடி ஒன்றிய அரசு ஒரே பல்லவியைப் பாடுது. "சுகாதாரத் திட்டமெல்லாம் இப்போ அறிவியல்பூர்வமா போடுறோம். எல்லாம் டேட்டா, எல்லாம் ஆன்லைன், எல்லாம் சாஃப்ட்வேர்." கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் அந்தக் கணக்கில் என்ன எழுதுகிறார்கள், எதை எழுதாமல் விடுகிறார்கள் என்று நாம் கேட்டாக வேண்டும். உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ராத்திரி நர்ஸ் இருப்பாரா, சர்க்கரை மாத்திரை மாதம் முழுக்கக் கிடைக்குமா என்பதெல்லாம் அந்தக் கட்டங்களில்தான் முடிவாகிறது.

▪️ மென்பொருள் என்ன செய்யுது?

உலக சுகாதார நிறுவனம், யுனிசெப், உலக வங்கி உள்ளிட்ட அமைப்புகள் சேர்ந்து 'ஒன்ஹெல்த் டூல்' என்ற மென்பொருளை உருவாக்கின. ஒரு நாடு தன் சுகாதாரத் திட்டத்துக்கு எத்தனை பணம் வேண்டும் என்று கணக்குப் போடும் கருவி அது. 2012 முதல் ஆப்பிரிக்க, ஆசிய நாடுகள் பலவற்றில் பயன்படுகிறது.

விஷயம் ரொம்ப எளிமை. மக்கள்தொகை எவ்வளவு, எத்தனை பிரசவம், எத்தனை பேருக்கு காசநோய், எத்தனை பேருக்கு ரத்தக் கொதிப்பு என்று உள்ளே கொடுக்கணும். மருந்து விலை, டாக்டர்-நர்ஸ் எண்ணிக்கை, அவர்கள் சம்பளம், கட்டடம், ஆம்புலன்ஸ் எல்லாம் கொடுக்கணும். எத்தனை சதவீதம் மக்களுக்கு எந்த வருஷத்துக்குள் சிகிச்சை போய்ச்சேரணும்னு இலக்கு கொடுக்கணும். ஒவ்வொரு வருஷமும் எவ்வளவு செலவாகும், எத்தனை உயிர் பிழைக்கும் என்று அது சொல்லும்.

மளிகை லிஸ்ட் மாதிரிதான். வீட்டில் எத்தனை பேர், எத்தனை கிலோ அரிசி, என்ன விலை. இதில் மாயமும் இல்லை, மந்திரமும் இல்லை. நமக்கு மென்பொருள் மேல் எந்தக் கோபமும் இல்லை. நேர்மையாகப் போட்டால் அது மக்கள் பக்கம்தான் பேசும்.

பேசியிருக்கு! 2017-இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 67 நாடுகளுக்கு இப்படிக் கணக்குப் போட்டு வெளியிட்டார்கள். 2030-க்குள் எல்லோருக்கும் சுகாதாரம் என்ற இலக்கை நெருங்க என்ன தேவை? கூடுதலாக 2.3 கோடிக்கும் மேற்பட்ட சுகாதாரப் பணியாளர்கள். 4.15 லட்சம் புதிய சுகாதார நிலையங்கள், அதில் 91 சதவீதம் ஆரம்ப சுகாதார நிலையங்கள். தடுக்கக்கூடிய அகால மரணங்கள் 9.7 கோடி. கூடுதல் செலவில் முக்கால் பங்கு போக வேண்டியது ஊழியர், கட்டடம், கருவி போன்ற சுகாதாரக் கட்டமைப்புக்கு.

கவனிச்சீங்களா? காப்பீட்டு அட்டை அச்சடிக்கச் சொல்லவில்லை அந்தக் கணக்கு. ஆள் போடு, ஆரம்ப சுகாதார நிலையம் கட்டு என்றுதான் சொல்லுது.

▪️ டெல்லியில் கணக்கு எப்படி நடக்குது?

2005-இல் தொடங்கிய ஊரக நலவாழ்வு இயக்கம்தான் இன்றைய தேசிய நலவாழ்வு இயக்கம். கிராமத்துத் துணை சுகாதார நிலையம், தடுப்பூசி, பிரசவம், காசநோய் எல்லாம் இந்த நிதியில்தான் பெரிதும் ஓடுது. ஒன்றிய அரசு 60, மாநில அரசு 40 என்பது பெரும்பாலான மாநிலங்களுக்கான பங்கு.

மாவட்டம் திட்டம் போடணும், மாநிலம் அதைத் தொகுத்து அனுப்பணும், டெல்லி பார்த்து ஒப்புதல் தரணும். காகிதத்தில் கீழிருந்து மேல். நடைமுறையில்? "உங்கள் மாநிலத்துக்கு இவ்வளவுதான்" என்ற நிதி வரம்பு டெல்லியிலிருந்து முதலில் வந்துவிடும். அதற்குள் அடங்கும்படி மாவட்டங்கள் எக்செல் தாளை நிரப்பணும். வரம்பைத் தாண்டும் தேவை, டெல்லிக் கூட்டத்தில் பேரம் பேசி வெட்டப்படும்.

இதுக்குப் பேர் திட்டமிடலா? குடும்பத்தின் பசியை எழுதிவிட்டு காசு தேடுவது திட்டம். கையில் இருக்கும் காசுக்கு ஏற்றபடி பசியைக் குறைத்து எழுதுவது ஏமாற்று! எட்டு பேர் சாப்பிடும் வீட்டில் நாலு பேருக்கு உலை வைத்துவிட்டு "கணக்கு டேலி ஆயிடுச்சு" என்று சொல்வதற்கு கம்ப்யூட்டர் எதற்கு?

இப்படி வெட்டியதன் பலன் என்ன? சமவெளியில் 30,000 பேருக்கு ஒரு ஆரம்ப சுகாதார நிலையம், மலை-பழங்குடிப் பகுதியில் 20,000 பேருக்கு ஒன்று என்று விதிமுறை எழுதி வைத்ததும் அரசுதான். கிராமப்புற சமுதாய சுகாதார நிலையங்களில் தேவைப்படும் சிறப்பு மருத்துவர்களில் ஏறத்தாழ 80 சதவீதம் பற்றாக்குறை என்று 2021-22 புள்ளிவிவரத்தில் ஒப்புக்கொண்டதும் அதே அரசுதான். தேவைப் பட்டியல் அவங்ககிட்டயே இருக்கு. அதை ரூபாயாக மாற்றி வெளியிடத்தான் மனசு வரல. வெளியிட்டால் எவ்வளவு கம்மியா ஒதுக்குறாங்கன்னு ஊருக்கே தெரிஞ்சிடுமே!

▪️ பூஜ்யம் போட்ட கட்டம்

எந்த மென்பொருளிலும் சம்பளத்துக்கு ஒரு கட்டம் உண்டு. அங்கே நீங்கள் எழுதுவதுதான் பதிலாக வரும். "இவர் ஊழியர்" என்று எழுதினால் செலவு ஏறும். "இவர் தன்னார்வலர்" என்று எழுதினால் செலவு சரிந்துவிடும். வேலை மட்டும் அப்படியே நடக்கும்.

நாடு முழுக்க 10 லட்சத்துக்கு மேற்பட்ட ஆஷா பணியாளர்கள். எல்லோரும் பெண்கள். கர்ப்பிணியைக் கூட்டிக்கொண்டு நடுராத்திரி ஆஸ்பத்திரிக்கு ஓடுவது அவங்க. கொரோனா நேரத்தில் வீடுவீடாகப் போனது அவங்க. 2022-இல் உலக சுகாதார நிறுவனம் விருது கொடுத்துப் பாராட்டியது. ஒன்றிய அரசு என்ன கொடுத்தது? வழக்கமான பணிகளுக்கான நிலையான ஊக்கத்தொகை 2018-இல் மாதம் 2,000 ரூபாய். நாளுக்கு 67 ரூபாய்! ஏழு வருஷம் அதே தொகை. 2025-இல்தான் 3,500 ஆக உயர்த்த முடிவு செய்தார்கள். மீதியெல்லாம் பிரசவத்துக்கு இவ்வளவு, தடுப்பூசிக்கு இவ்வளவு என்று வேலைக்குத் தக்க சில்லறை.

திட்டப் பணியாளர்களைத் தொழிலாளர்களாக அங்கீகரி, குறைந்தபட்ச ஊதியம் கொடு என்று 2013-இல் 45-ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு பரிந்துரைத்தது. அரசும் முதலாளிகளும் தொழிற்சங்கங்களும் ஒன்றாக உட்கார்ந்த மாநாடு அது. அந்தப் பரிந்துரை இன்னும் அலமாரியில் தூங்குது.

அதே காலத்தில் இன்னொரு கணக்கு மட்டும் சுறுசுறுப்பாக நடந்தது. ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டில் மருத்துவமனைகளுக்குக் கொடுக்கும் பேக்கேஜ் கட்டணம் 2019, 2021, 2022 என அடுத்தடுத்துத் திருத்தப்பட்டது. கட்டணத்தை நிர்ணயிக்க சண்டிகர் பி.ஜி.ஐ. தலைமையில் நாடு தழுவிய செலவு ஆய்வே நடந்தது. ஆய்வு நடந்ததில் தப்பே இல்லை. ஒரு ஆபரேஷனுக்கு என்ன செலவு என்று பைசா சுத்தமாகத் தெரியட்டும். அதே அக்கறை ஒரு ஆஷா பெண்ணின் ஒரு நாள் உழைப்புக்கு ஏன் இல்லை? ஆஸ்பத்திரிக்கு விலைவாசி ஏறும், அவள் வீட்டு அடுப்புக்கு ஏறாதா?

▪️ "பணம் இல்லையே" என்பவர்களுக்கு

2025-க்குள் நாட்டின் மொத்த உற்பத்தியில் 2.5 சதவீதம் சுகாதாரத்துக்கு அரசு செலவிடும் என்று 2017 தேசிய சுகாதாரக் கொள்கையில் எழுதியது மோடி அரசு. அரசின் சொந்தக் கணக்குப்படி 2021-22-இல், கொரோனா காலத்திலேயே, மத்திய-மாநில அரசுகள் சேர்ந்து செலவிட்டது 1.84 சதவீதம். நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் 39.4 சதவீதம் மக்கள் தங்கள் சட்டைப்பையிலிருந்து கொடுத்தது. முன்பு 64 சதவீதமாக இருந்தது குறைந்துவிட்டது என்று பெருமை பேசுகிறார்கள். நூறு ரூபாயில் முப்பத்தொன்பது ரூபாய்க்கு தாலிச்சங்கிலி அடகுக்குப் போகிறது என்பதா பெருமை?

2025-26 ஒன்றிய பட்ஜெட்டில் மொத்தச் செலவு 50 லட்சம் கோடிக்கு மேல். சுகாதார அமைச்சகத்துக்கு ஒரு லட்சம் கோடிகூட முழுசா இல்லை. நூற்றுக்கு இரண்டு ரூபாய்!

2019 செப்டம்பரில் கார்ப்பரேட் வரியைக் குறைத்தபோது வருஷத்துக்கு 1.45 லட்சம் கோடி வருவாய் இழப்பு என்று நிதியமைச்சரே அறிவித்தார். அதை எந்த வரம்புக்குள் அடக்கினார்கள்? 2018 முதல் வருமான வரியோடு 4 சதவீதம் சுகாதார-கல்வி செஸ் வாங்குகிறார்கள். 'சுகாதாரம்' என்று பேர் வைத்து வாங்கும் அந்தப் பணம் மாநிலங்களோடு பகிரும் தொகுப்பில் சேராது. "சுகாதாரம் மாநிலப் பட்டியல், நீங்க பாத்துக்கோங்க" என்பார்கள். பொறுப்பு மாநிலத்துக்கு, செஸ் டெல்லிக்கு! இது எந்த ஊர் நியாயம்?

இன்னொரு கூத்தும் நடந்தது. 2023 நவம்பரில் கிராமத்து சுகாதார நிலையங்களுக்கு 'ஆயுஷ்மான் ஆரோக்ய மந்திர்' என்று பேர் மாற்றச் சொல்லி மாநிலங்களுக்கு உத்தரவு. பேர்ப்பலகை விவகாரத்தைக் காட்டி நலவாழ்வு இயக்க நிதியை நிறுத்திவிட்டார்கள் என்று கேரளமும் பஞ்சாபும் புகார் சொன்னன. எந்த மென்பொருளில் பேர்ப்பலகைக்குக் கட்டம் இருக்கு? எத்தனை குழந்தைக்குத் தடுப்பூசி என்று பார்க்க வேண்டிய இடத்தில் எந்த மொழியில் போர்டு என்று பார்க்கிறார்கள்.

▪️ மாநில அரசுக்கும் ஒரு கேள்வி

தமிழ்நாட்டுக்கு இதில் தலைநிமிர ஒரு வரலாறு உண்டு. 1994-இல் உருவான தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்தை மொத்தமாக வாங்கி, கிடங்கு இருப்பைக் கணினியில் கண்காணித்து, அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாகக் கொடுத்தது. மற்ற மாநிலங்கள் அதைப் பார்த்துக் கற்றுக்கொண்டன. கணினி மக்களுக்காக வேலை செய்தால் எப்படி இருக்கும் என்பதற்கு நம்ம ஊரே சாட்சி.

ஆனால் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு தேடிப் போய் பி.பி., சுகர் பார்க்கும் பெண்களும் இங்கே 'தன்னார்வலர்'தானே? தேர்வு எழுதி வந்த செவிலியர்கள் வருஷக்கணக்கில் தொகுப்பூதியத்தில் நிற்கிறார்களே? டெல்லி போடும் பூஜ்யத்தைக் கண்டிக்கும் உரிமை நமக்கு முழுசா வேணும்னா, சென்னை போடும் பூஜ்யத்தையும் அழிக்கணும்.

✊ நமது கோரிக்கைகள்

➤ ஒவ்வொரு மாவட்டத்துக்கும் இரண்டு தொகையைப் பக்கத்தில் பக்கத்தில் வெளியிடு: விதிமுறைப்படி தேவை எவ்வளவு, ஒதுக்கியது எவ்வளவு. பட்ஜெட்டுக்கு முன்பே, தமிழில்!

➤ திட்டச் செலவுக் கணக்கில் ஆஷா பணியாளர், சுகாதாரத் தன்னார்வலர், ஒப்பந்தச் செவிலியர் அனைவரையும் ஊழியராக எழுது. குறைந்தபட்ச ஊதியத்துக்குக் கீழே எந்தக் கட்டத்தையும் நிரப்பாதே!

➤ 2.5 சதவீத வாக்குறுதிக்கு ஆண்டுவாரியாக அட்டவணை போட்டு நாடாளுமன்றத்தில் வை!

➤ சுகாதார-கல்வி செஸ் வருவாயை மாநிலங்களோடு பகிர்ந்துகொள்!

➤ பேர்ப்பலகைக்காக நிதியை நிறுத்தும் மிரட்டலைக் கைவிடு!

தோழர்களே, இது டெல்லியில் மட்டும் நடக்கும் சண்டை இல்லை. வரும் கிராம சபைக் கூட்டத்துக்கு உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தின் பட்டியலோடு போங்க. எத்தனை பணியிடம், எத்தனை காலி, எந்த மருந்து எத்தனை நாளா இல்லை. தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்குங்க, தீர்மானமாகப் போடுங்க, நகலை இந்தப் பக்கத்துக்கு அனுப்புங்க. ஊர் ஊராக வரும் அந்தப் பட்டியல்களைச் சேர்த்தாலே உண்மையான தேவைக் கணக்கு தயாராகிவிடும். அதை வெட்ட எந்த டெல்லிக் கூட்டத்துக்கும் அதிகாரம் கிடையாது.

கருவி யார் கையில் இருந்தாலும் கட்டத்தை நிரப்புவது அரசியல்தான். அந்த அரசியலை மக்கள் கையில் எடுப்போம்!

சுகாதாரம் சலுகை அல்ல, உரிமை!
உழைப்புக்குப் பூஜ்யம் போடாதே!

#தேவைக்கணக்கை_வெளியிடு
#சுகாதாரம்_நம்_உரிமை
#ஆஷா_தொழிலாளரே