நாடாவின் வேகம்

பள்ளிக்கூட வேகக் கணக்கில் எப்போதும் ரயில்தான் ஓடும். நெசவு ஊர்களான ஆர்.கே.பேட்டை, அம்மையார்குப்பம் பிள்ளைகளுக்கு எதற்கு ரயில்? ஊடை நூலைச் சுமந்து ஓடும் விசைத்தறி நாடா போதாதா? நிமிடத்துக்கு 120 ஓட்டம், துணி அகலம் 1.2 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். சராசரி வேகம் நொடிக்கு 2.4 மீட்டர், சைக்கிளே முந்திவிடும். ஆனால் பாவு திறந்திருக்கும் சிறு இடைவெளிக்குள் நாடா பாய்ந்தாக வேண்டும். அச்சு ஊடையை அறையும்போது பெட்டிக்குள் சும்மா கிடக்கும். நேரத்தில் மூன்றில் ஒரு பங்குதான் பறக்கிறது என்றால், பறக்கும்போது நொடிக்கு 7 மீட்டருக்கு மேல்! போய்த் திரும்பினால் கடந்த தொலைவு 2.4 மீட்டர், இடப்பெயர்ச்சி சுழியம், சராசரித் திசைவேகமும் சுழியம். மனப்பாடம் செய்தும் குழம்பும் இந்த வித்தியாசத்தைத் தறிக்கொட்டகையில் பத்து நிமிடம் நின்றால் பிடித்துவிடலாம். வினாத்தாள் தயாரிப்பவர்கள் ஒருமுறை வந்து பார்க்கட்டும், காதைப் பொத்திக்கொண்டாவது.