உபயம் இருக்கு, உளி ஆருடையது?

1820இல் மருத்துவர் ஜோன் ஸ்கடரைப் பண்டத்தரிப்புக்கு அனுப்பின அதே அமெரிக்க மிஷன், 1830களில் சுப்பீரியர் ஏரிக்கரையில் வாழும் அனிஷினாபே மக்களிடமும் போனது. அவை கல்லில செதுக்கிற புகைக்குழாய்க் கிண்ணம் எங்கட அப்புமாரின்ர சுருட்டு மாதிரி இல்லை. புகையோட வேண்டுதலும் மேல போகும் எண்டது அவையின்ர நம்பிக்கை. அருங்காட்சியகங்களில இருக்கிற பழைய கிண்ணங்கள் பலதில சேகரிச்சவரின்ர பெயர் இருக்கு, செதுக்கினவரின்ர பெயர் இல்லை.

வெள்ளைக்காரரைத் திட்ட முதல் எங்கட கோயில் படிகளைப் பாப்பம். 'உபயம்' எண்டு காசு குடுத்தவரின்ர பெயர், அவர் இருக்கிற நாடு எல்லாம் வெட்டியிருக்கு. வெட்டின கை ஆருடையது? வீட்டு அம்மியைக் கொத்தினவர் ஆர்?

அடுத்த திருப்பணியில, உபயகாரருக்குக் கீழ கல் வேலை செய்தவரின்ர பெயரும் வரவேணும் எண்டு கேக்கப்போறம். முகம் சுழிப்பினம், தெரியும்.