கட்டிய பின் கேட்கும் அனுமதி

2024-ம் வருஷம் டிசம்பர் 1-ந் தேதி மாலை, ஃபெஞ்சல் புயலின் பெருமழையில் திருவண்ணாமலை மலைச் சரிவு பெயர்ந்து, வ.உ.சி. நகரில் பாறையும் மண்ணுமாக விழுந்தது. ஒரு வீட்டிலிருந்த ஏழு பேர் மாண்டனர். அவர்களில் ஐவர் குழந்தைகள். மழையின் மேல் பழியைப் போட்டுவிட்டு நாம் வாளாவிருப்பது தர்மமாகாது. இவ்விடத்தில் வீடு கட்டலாமா என்பது அஸ்திவாரம் தோண்டுமுன் கேட்க வேண்டிய கேள்வி. நம் நாட்டிலோ அது கூரை போட்ட பிறகே கேட்கப்படுகிறது.

கட்டிய பின் அனுமதி கோருவதே குற்றம் என்று நாம் சொல்லவில்லை. ஒருவர் தமது தோட்டத்தில் அறியாமையினால் அனுமதியின்றி ஒரு சிறு கட்டடம் எழுப்பிவிடலாம். நோட்டீஸ் பெற்றவர் அதை வைத்துக்கொள்ள அனுமதி கேட்டு மனுச் செய்ய, 1971-ம் வருஷத்து நகர் ஊரமைப்புச் சட்டமே இடம் தருகிறது. அயலாருக்கும் நீரோட்டத்துக்கும் இடையூறு இல்லையெனில் அனுமதிப்பதே நியாயம்.

நாம் ஆட்சேபிப்பது வேறொன்றை. 1998-ம் வருஷத்துத் திருத்தத்தினால் 113-ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டு, கட்டணம் செலுத்தினால் விதிமீறல் மன்னிக்கப்படும் என்றாயிற்று. ஒரு முறைக்கு மட்டுமே செய்யும் ஏற்பாடு என்று கொண்டு 2000-ம் வருஷத்தில் சுப்ரீம் கோர்ட் அதை அனுமதித்தது. ஆனால் அந்த ஒரு முறை ஒரு முறையாக நிற்கவில்லை. 2007 ஜூலை 1-ந் தேதி வரை கட்டியவற்றுக்கென 113-சி பிரிவு வந்தது. 2017-ல் அங்கீகாரமற்ற மனைகளுக்குத் தனி விதிகள் வந்தன. காத்திருந்தால் மன்னிப்பு வரும் என்ற பாடத்தை ஜனங்களுக்குச் சர்க்காரே கற்பித்தால், விதியை மதித்தவனல்லவா ஏமாளியாகிறான்?

அந்தத் துயரம் நிகழ்ந்த பதினாறாம் நாள், டிசம்பர் 17-ந் தேதி, வேறொரு வழக்கில் சுப்ரீம் கோர்ட் தெளிவாகக் கூறிவிட்டது: காலம் கடந்ததாலோ, அதிகாரிகள் சும்மாயிருந்ததாலோ, பணம் செலவிட்டதாலோ சட்டவிரோதக் கட்டடம் சட்டபூர்வமாகிவிடாது.

அப்படியானால் ஏழைகளின் வீடுகளை இடித்துத் தள்ளுவதா? ஒருக்காலும் கூடாது. பதினைந்து நாள் நோட்டீஸ் இன்றி இடிக்கலாகாது என்று அதே வருஷம் நவம்பர் 13-ந் தேதி அந்தக் கோர்ட்டே விதித்திருக்கிறது. சமவெளியில் ஒரு குழி நிலம் வாங்க வகையற்றவனே சரிவில் ஏறிக் குடியிருக்கிறான். அவனுக்கு முதலில் மாற்று மனையும் வீடும் தர வேண்டும். பிறகே வெளியேறச் சொல்ல வேண்டும். கிரிவலப் பாதையோரம் ஓடையை மறித்துத் தோட்ட பங்களா எழுப்புகிறவர் யாராயினும், அவருக்கும் அதே சட்டம் தவறாது செல்ல வேண்டும். கண்டும் காணாதிருந்த அதிகாரியும் பதில் சொல்ல வேண்டும்.

2,500 சதுர அடி மனைக்குள் 3,500 சதுர அடி வரை வீடு கட்டுவோர் சுயசான்றின் பேரில் உடனே அனுமதி பெறலாம் என்று 2024 ஜூலையில் சர்க்கார் வசதி செய்தது. ஆகவே, சிறுவீடு கட்டுவோர் முன்னரே அனுமதி பெறுவது இனி பெரும்பாடன்று.

பின்னனுமதி இடத்தைப் பார்த்துத் தரப்பட வேண்டும், கட்டணத்தைப் பார்த்தன்று. ரசீதைக் காட்டினால் பாறை உருளாமல் நிற்குமா? அடுத்த மழைக்குமுன் சர்க்காரும் மாநகராட்சியும் சரிவிலுள்ள ஒவ்வொரு வீட்டையும் நேரில் பார்த்து முடிவு செய்ய வேண்டும். அதைச் செய்விக்கும் பொறுப்பு தேசத் தொண்டர்களுடையது.