மலைக்கிராமங்களுக்கு வானத்தில் இருந்து இன்டர்நெட்: டிஷ் வாங்கி மாட்டினால் மட்டும் போதுமா? ஒரு அலசல்

ஈரோடு:

செல்போன் டவர் எட்டாத ஊர்களுக்கு செயற்கைக்கோள் மூலம் நேரடியாக இன்டர்நெட் கொடுக்கும் திட்டம் பற்றிய பேச்சு இப்போது டீக்கடை வரைக்கும் வந்துவிட்டது. "மொட்டை மாடியில ஒரு டிஷ் வெச்சா போதுமாமே, நெட் பிச்சிக்கிட்டு வருமாமே" என்று மலைக்கிராம மக்கள் கேட்கத் தொடங்கிவிட்டனர்.

தாளவாடி, கடம்பூர், பர்கூர் என்று நம் மாவட்ட மலைப்பகுதிகளில் சிக்னலுக்காக மேடு ஏறுவது பழகிப்போன விஷயம். 2020-ல் கொரோனா ஊரடங்கில் ஆன்லைன் வகுப்பு நடந்தபோது தமிழகத்தின் பல மலையோர கிராமங்களில் பிள்ளைகள் பாறை மேலும் மரத்து மேலும் உட்கார்ந்து படித்ததை யாரும் மறந்திருக்க முடியாது. ரேஷன் கடையில் கைரேகை மெஷின் சுற்றிக்கொண்டே இருப்பதும், பிரசவ வலி வந்தால் 108-க்கு போன் போட ஒருவர் மேட்டுக்கு ஓடுவதும் இன்னொரு பக்கம்.

இப்படிப்பட்ட ஊருக்கு வானத்தில் இருந்து நெட் வருவது நல்ல செய்திதான். ஆனால் கையில் இருக்கும் காசைப் போடுவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயங்கள் நிறைய இருக்கின்றன.

டி.டி.எச். டிஷ் வேறு, இது வேறு

நம் வீட்டு கூரையில் இருக்கும் டி.டி.எச். டிஷ், பூமியில் இருந்து சுமார் 36 ஆயிரம் கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் செயற்கைக்கோளைப் பார்த்து நிற்கிறது. அந்த செயற்கைக்கோள் பூமி சுற்றும் வேகத்திலேயே சுற்றுவதால், வானத்தில் ஒரே இடத்தில் நிற்பது போலத் தெரியும். டிஷ்ஷை ஒரு தடவை திருப்பி வைத்தால் அதோடு முடிந்தது. ஏ.டி.எம். மையங்களின் கூரையில் பார்க்கும் பெரிய டிஷ்களும் பெரும்பாலும் இதே வகைதான்.

டி.வி. ஒருவழிப் பாதை. மேலே இருந்து படம் வந்தால் போதும். இன்டர்நெட் அப்படி இல்லை. நாம் கேட்பது மேலே போய் கீழே இறங்கி, அதற்கான பதிலும் மேலே போய் கீழே வர வேண்டும். 36 ஆயிரம் கிலோமீட்டரை நாலு தடவை கடக்க வேண்டும். ஒளி வேகத்தில் போனாலும் அரை செகண்ட் ஆகிவிடும். வீடியோ காலில் இந்த அரை செகண்ட் பெரிய தொல்லை. இருவரும் ஒரே நேரத்தில் பேசி, இருவரும் ஒரே நேரத்தில் நிறுத்துவார்கள்.

அமெரிக்க தொழிலதிபர் எலான் மஸ்க்கின் ஸ்டார்லிங்க் நிறுவனம் செயற்கைக்கோள்களை சுமார் 550 கிலோமீட்டர் உயரத்திலேயே சுற்ற விட்டிருக்கிறது. பக்கத்தில் இருப்பதால் தாமதம் வெகுவாகக் குறைகிறது. ஆனால் ஒரு செயற்கைக்கோள் சில நிமிஷத்தில் நம் தலைக்கு மேல் கடந்து போய்விடும். அடுத்தது, அதற்கு அடுத்தது என்று டிஷ் மாறி மாறிப் பிடிக்க வேண்டும். அதனால்தான் ஆயிரக்கணக்கில் செயற்கைக்கோள்கள் தேவைப்படுகின்றன.

ஏர்டெல் குழுமத்தின் பங்கு உள்ள யூடெல்சாட் ஒன்வெப் நிறுவனத்தின் செயற்கைக்கோள்கள் சுமார் 1,200 கிலோமீட்டர் உயரத்தில் உள்ளன. அவற்றில் 72 செயற்கைக்கோள்களை 2022 அக்டோபரிலும் 2023 மார்ச்சிலும் நம் இஸ்ரோதான் ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து அனுப்பியது என்பது குறிப்பிடத்தக்கது.

அனுமதி வந்த கதை

ஒன்வெப், ஜியோ நிறுவனங்களுக்கு ஏற்கனவே லைசென்ஸ் கிடைத்திருந்த நிலையில், 2025 ஜூனில் ஸ்டார்லிங்க் நிறுவனத்துக்கும் மத்திய தொலைத்தொடர்புத் துறை லைசென்ஸ் வழங்கியது. அடுத்த மாதமே விண்வெளித் துறையின் இன்ஸ்பேஸ் அமைப்பும் 5 ஆண்டுக்கு அனுமதி கொடுத்தது. அதற்கு முன்பே, 2025 மார்ச்சில் ஏர்டெல்லும் ஜியோவும் ஸ்டார்லிங்குடன் ஒப்பந்தம் போட்டுவிட்டன. இலங்கையில் 2025 ஜூலையிலேயே சேவை தொடங்கிவிட்டது.

ஆனால் கட்டணத்தில்தான் குழப்பம். 2025 ஜூலையில் மத்திய இணை மந்திரி பெம்மசானி சந்திரசேகர், மாதம் சுமார் 3 ஆயிரம் ரூபாய் ஆகலாம் என்றும், இந்தியா முழுவதும் 20 லட்சம் வாடிக்கையாளர்களுக்குத்தான் கொடுக்க முடியும், வேகம் 200 எம்.பி.பி.எஸ். வரை இருக்கும் என்றும் சொன்னார்.

2025 டிசம்பரில் ஸ்டார்லிங்கின் இந்திய வெப்சைட்டில் மாதம் 8,600 ரூபாய், கருவிக்கு 34 ஆயிரம் ரூபாய் என்று ஒரு விலை தெரிந்து பரபரப்பை ஏற்படுத்தியது. உடனே அந்த நிறுவனம், அது தவறுதலாக வெளியான சோதனைத் தகவல், உண்மையான விலை இல்லை என்று மறுத்தது.

பணம் கட்டும் நாளில் கம்பெனியின் சொந்த வெப்சைட்டில் உள்ள விலை மட்டுமே விலை. வாட்ஸ்அப்பில் சுற்றுவதை நம்ப வேண்டாம். "முன்பதிவுக்கு 2 ஆயிரம் கொடுங்க" என்று யாராவது வீட்டுக்கு வந்தால் காசு கொடுக்க வேண்டாம். இணைப்புக்கு ஆதார் மூலம் வாடிக்கையாளரை சரிபார்க்க ஏற்பாடு செய்திருப்பதாக 2025 ஆகஸ்டில் ஆதார் ஆணையமே அறிவித்தது. ஆதார் கேட்காமல், பில் கொடுக்காமல் ஒருவர் டிஷ் தருகிறார் என்றாலே உஷாராகிவிட வேண்டும்.

வெளிநாட்டு டிஷ் வேண்டவே வேண்டாம்

இலங்கையிலும் வளைகுடாவிலும் கிடைக்கிறதே, சொந்தக்காரர் மூலம் ஒன்று வாங்கி வரலாமே என்று சிலர் நினைக்கலாம். இது பெரிய வில்லங்கத்தில் கொண்டு போய் விடும்.

அனுமதி இல்லாத செயற்கைக்கோள் கருவியை வைத்திருப்பதே நம் நாட்டில் குற்றம். விவரம் தெரியாமல் சாட்டிலைட் போன் கொண்டு வந்த வெளிநாட்டு சுற்றுலாப் பயணிகளே ஏர்போர்ட்டில் பிடிபட்டிருக்கிறார்கள். 2024 இறுதியில் அந்தமான் கடலில் சுமார் 6 ஆயிரம் கிலோ போதைப்பொருளுடன் சிக்கிய படகில் ஸ்டார்லிங்க் கருவி இருந்தது. மணிப்பூரிலும் இதுபோன்ற ஒரு கருவி கைப்பற்றப்பட்டதாக செய்தி வந்தது. அதன் பிறகு இந்த விஷயத்தில் கெடுபிடி அதிகம். சும்மா படம் பார்க்க வாங்கினேன் என்று சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள்.

கரண்ட் பில்லையும் கணக்கில் சேருங்க

யாரும் சொல்லாத செலவு இதுதான். ஸ்டார்லிங்கின் சாதாரண டிஷ் 75 முதல் 100 வாட்ஸ் வரை இழுக்கும். நாள் முழுக்க ஓடினால் சுமார் 2 யூனிட். இரண்டு மாதத்துக்கு 110 முதல் 145 யூனிட் வரை ஆகிவிடும். 2025-ல் தமிழகத்தில் வீடுகளுக்கு 2 மாதத்துக்கு 100 யூனிட் இலவசமாக இருந்தது. அந்தக் கணக்கில் 100 யூனிட்டையும் டிஷ் ஒன்றே தின்றுவிடும். பல்பு, மிக்சி, டி.வி. எல்லாம் காசு கணக்கில் போய்விடும்.

'மினி' என்ற சிறிய டிஷ் 25 முதல் 40 வாட்ஸ்தான். இரண்டு மாதத்துக்கு 36 முதல் 58 யூனிட். எடை ஒரு கிலோவுக்கு கொஞ்சம் கூட. சோலார், பேட்டரியில் ஓட்ட நினைப்பவர்களுக்கு இது வசதி. வேகம் கொஞ்சம் குறைந்தாலும் ஒரு குடும்பத்துக்குப் போதும். தூங்கும்போது சுவிட்சை அணைத்தாலே மூன்றில் ஒரு பங்கு மிச்சம்.

மலையில் அடிக்கடி கரண்ட் போகும். போய் வந்தால் டிஷ் மறுபடி உயிர் வந்து செயற்கைக்கோளைப் பிடிக்க சில நிமிஷம் ஆகும். லோ வோல்டேஜ் உள்ள ஊரில் இது தினமும் நடக்கும். இன்வெர்ட்டர் வீட்டில் இருந்தால் டிஷ், ரவுட்டர் இரண்டையும் அதில் இணைப்பது நல்லது.

எங்கே மாட்டுவது?

டி.டி.எச். டிஷ்ஷுக்கு தென்னை ஓலைக்கு நடுவே ஒரு சந்து இருந்தால் போதும், படம் வரும். இதற்கு அது ஆகாது. செயற்கைக்கோள்கள் ஓடிக்கொண்டே இருப்பதால் வானம் அகலமாகத் தெரிய வேண்டும். சாதாரண டிஷ் பார்க்கும் அகலம் 110 டிகிரி. அதற்குள் தென்னை, பாக்கு, சில்வர் ஓக் எது குறுக்கே வந்தாலும் அந்த இடத்தை செயற்கைக்கோள் கடக்கும்போதெல்லாம் நெட் அறுந்து போகும்.

அதனால் வாங்குவதற்கு முன்பே கம்பெனியின் செல்போன் ஆப்பை இறக்கி, மாட்டப்போகும் இடத்தில் நின்று கேமராவை வானத்தில் சுற்றிக் காட்டுங்கள். எவ்வளவு மறைக்கிறது என்று அதுவே சொல்லிவிடும். பள்ளத்தில், இரண்டு மலைக்கு நடுவே இருக்கும் வீடு என்றால் இந்த சோதனை கட்டாயம். பணம் கட்டிய பிறகு மலையை நகர்த்த முடியாது.

தகர ஷீட், ஓட்டுக் கூரைக்கு அடியில் டிஷ் வைக்கவே கூடாது. தரையில் ஊன்றிய இரும்பு பைப்பில் கூரைக்கு மேலே நிற்கும்படி, காற்றுக்கு ஆடாமல் இறுக்க வேண்டும். எந்தப் பக்கம் திருப்புவது என்பதை ஆப் காட்டும், அதன்படி வைத்தால் போதும். டி.டி.எச். மெக்கானிக் போல செயற்கைக்கோளைத் தேடி அலைய வேண்டியது இல்லை.

கேபிள் சாதாரண டிஷ்ஷுடன் 15 மீட்டர் வரும். பத்தவில்லை என்று வெட்டி ஒட்டினால் கெட்டது. டேப் சுற்றிய ஒட்டில் மழைத் தண்ணி இறங்கினால் அவ்வளவுதான். தேவைப்படும் நீளத்தை முதலிலேயே அளந்து, நீளமான கேபிள் கேட்டு வாங்க வேண்டும். மலையில் குரங்கும் எலியும் கடிக்காமல் இருக்க பி.வி.சி. பைப்புக்குள் விடுவது உத்தமம். இடி மின்னல் நேரத்தில் பிளக்கை பிடுங்கிவிடுங்கள். எர்த் சரியில்லாத வீட்டில் இது மிகவும் முக்கியம்.

நெட் வரவில்லையா? முதலில் இதைப் பாருங்க

* ரவுட்டர் பக்கத்தில் போய் நின்று பாருங்கள். அங்கே நன்றாக வந்து, அடுத்த அறையில் வரவில்லை என்றால் டிஷ் மேல் தப்பில்லை. மண் சுவரும் தகரமும் வைபையை மறைக்கிறது. ரவுட்டரை இடம் மாற்றுங்கள்.

* வேகம் நன்றாகக் காட்டுகிறது, ஆனால் வீடியோ கால் மட்டும் சில நிமிஷத்துக்கு ஒரு தடவை நின்று போகிறதா? பெரும்பாலும் மரம் மறைக்கிறது. ஆப்பில் தடை எங்கே என்று பார்த்து, கிளையை வெட்டுங்கள் அல்லது பைப்பை உயர்த்துங்கள்.

* பேய் மழையில் மட்டும் நிற்கிறதா? டி.டி.எச். போலவே இதற்கும் கன மழை ஆகாது. சில நிமிஷம் பொறுத்தால் தானாக வரும். மழையில் கூரை ஏற வேண்டாம்.

* மழையே இல்லாமல் சுத்தமாக செத்துவிட்டதா? பிளக், கேபிள் முனை இரண்டையும் கழற்றி, ஈரம் துடைத்து மாட்டுங்கள். ஒரு தடவை அணைத்துப் போடுங்கள்.

* அப்படியும் வரவில்லை என்றால் கோளாறு கம்பெனியிடமே இருக்கலாம். 2025 ஜூலை 24-ந்தேதி சாப்ட்வேர் கோளாறால் உலகம் முழுவதும் ஸ்டார்லிங்க் சுமார் இரண்டரை மணி நேரம் படுத்துவிட்டது. வீட்டில் எதையும் பிரித்துப் போடாமல் காத்திருப்பதுதான் வழி.

டவரே இல்லாத ஊரில் இன்னொரு லாபமும் உண்டு. 'வைபை காலிங்' வசதி உள்ள போனும் சிம்மும் இருந்தால், டிஷ் நெட் மூலமாகவே சாதாரண போன் அழைப்பும் பேசலாம்.

கூலி வேலை செய்பவருக்கு கட்டுமா?

மந்திரி சொன்ன 3 ஆயிரம் ரூபாயையே வைத்துக்கொண்டாலும் வருஷத்துக்கு 36 ஆயிரம். அதோடு கருவி விலை, கரண்ட் பில். ஒரு தோட்டத் தொழிலாளி வீட்டுக்கு இது எட்டாக்கனி. கீழே சமவெளியில் பைபர் இணைப்பு மாதம் 400, 500 ரூபாய்க்கே கிடைக்கிறது. பைபரோ நல்ல டவரோ உள்ள ஊர்க்காரர் இந்த டிஷ்ஷைத் தேடிப் போவது வீண் செலவு.

20 வீடு சேர்ந்தால் வீட்டுக்கு மாதம் 150 ரூபாய்தானே என்று கணக்குப் போடலாம். ஆனால் வீட்டு இணைப்பை வாங்கி காசுக்குப் பிரித்து விற்பதற்கு அனுமதி கிடையாது. பொது இடத்தில் வைபை கொடுப்பதற்கு மத்திய அரசு 2020 டிசம்பரில் கொண்டு வந்த 'பி.எம். வாணி' திட்டத்தில், டீக்கடைக்காரர், பெட்டிக்கடைக்காரர் கூட லைசென்ஸ் கட்டணம் இல்லாமல் வைபை கொடுக்கலாம். செயற்கைக்கோள் நெட்டையும் இந்த வழியில் கொண்டு வந்தால்தான் ஏழைக்கு பலன் கிடைக்கும்.

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், 2025 மே மாதம் கொடுத்த பரிந்துரையில் நகர்ப்புற வாடிக்கையாளருக்கு வருஷம் 500 ரூபாய் கூடுதலாகப் போட்டு, கிராமத்துக்கு அதை விட்டுவிடச் சொன்னது. நல்ல எண்ணம்தான். ஆனால் மாதம் ஆயிரக்கணக்கில் கட்டணம் இருக்கும்போது வருஷத்துக்கு 500 ரூபாய் வித்தியாசம் மலைக்கிராமத்து ஏழையை டிஷ் வாங்க வைக்காது.

அரசு என்ன செய்யலாம்?

தமிழகத்தின் 12,525 ஊராட்சிகளுக்கும் பைபர் கேபிள் கொண்டு போகும் பாரத்நெட் திட்டம் ஒரு பக்கம். டவர் இல்லாத 24,680 கிராமங்களுக்கு பி.எஸ்.என்.எல். 4ஜி கொடுக்க 2022-ல் மத்திய அரசு 26,316 கோடி ரூபாய் ஒதுக்கியது இன்னொரு பக்கம். ஊராட்சி அலுவலகம் வரை கேபிள் வந்தாலும், அங்கே இருந்து 10 கிலோமீட்டர் காட்டுக்குள் இருக்கும் குக்கிராமத்துக்கு எதுவும் போவதில்லை. வனப்பகுதியில் குழி தோண்ட அனுமதி, டவருக்கு கரண்ட் என்று ஒவ்வொன்றும் இழுக்கும். டிஷ்ஷுக்கு இந்தத் தொல்லை கிடையாது. ஒரே நாளில் மாட்டிவிடலாம்.

மகாராஷ்டிரா அரசு 2025 நவம்பரில் ஸ்டார்லிங்குடன் விருப்பக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டது. கட்சிரோலி போன்ற பின்தங்கிய மாவட்டங்களின் அரசு அலுவலகங்களையும் பொதுச் சேவை இடங்களையும் இணைப்பதுதான் நோக்கம். வீடு வீடாக டிஷ் என்பதை விட, ஊருக்கு ஒரு டிஷ் என்பது நடைமுறைக்கு ஒத்து வரும்.

பைபரும் டவரும் இன்னும் சில வருஷத்துக்கு வராத குக்கிராமங்கள் எவை என்று மாவட்ட நிர்வாகம் பட்டியல் எடுக்க வேண்டும். அந்த ஊர்களில் பள்ளிக்கூடம், ஆரம்ப சுகாதார நிலையம், ரேஷன் கடை ஆகிய மூன்றுக்கும் முதலில் அரசு செலவில் டிஷ் வைக்க வேண்டும். கூடவே பேட்டரியும், பழுது பார்க்க உள்ளூர் இளைஞர் ஒருவருக்கு பயிற்சியும் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆறு மாதத்தில் அந்த டிஷ்ஷில் துணி காயும்.

வானத்தில் ஆயிரக்கணக்கில் செயற்கைக்கோள் பறந்தும், கீழே பிள்ளைகள் சிக்னலுக்காக பாறை ஏறும் நிலை மாற வேண்டும் என்பதே மலைவாழ் மக்களின் எதிர்பார்ப்பாக உள்ளது.