ஒரு சோதனைத் தாளா தீர்ப்பு எழுதுவது?

சிபிலிஸ் என்னும் பாலியல் நோயைக் கண்டறிய ஒரே இரத்தச் சோதனை போதும் என நம்புவோர் வெள்ளவத்தையிலும் உளர், கொட்டாஞ்சேனையிலும் உளர். ஒரு சால் உழுது விதைப்பவனை உழவன் என்போமா? ஒரு தாளைக் கொண்டு ஒருவரை நோயாளி என்பது மட்டும் எப்படி நியாயமாகும்?

1946இல் வகுக்கப்பட்ட வி.டி.ஆர்.எல். சோதனை கிருமியைத் தேடுவதன்று. நோயால் உயிரணுக்கள் சிதையும்போது எழும் எதிர்ப்பொருளையே காட்டுவது. மலேரியா, தொழுநோய், முதுமை, ஏன், கருவுற்றிருத்தல்கூட அதனைப் பொய்யாகத் தூண்டக்கூடும். அத்தாளை ஏந்திக் குற்றமற்ற மனைவியைத் தூற்றுவது அறமா?

கிருமிக்கே உரிய எதிர்ப்பொருளைக் காட்டும் டி.பி.பி.ஏ. மட்டும் போதுமே என்பர் சிலர். போதாது! பெனிசிலினால் நோய் தீர்ந்த பின்னரும் அது பெரும்பாலும் ஆயுள் முழுதும் மாறுவதில்லை. குணம் அறிய வி.டி.ஆர்.எல். அளவே வேண்டும்; 1:32 என்பது 1:8 ஆக இறங்கினால் மருந்து பலித்தது எனலாம். ஒன்று உறுதி செய்யும்; மற்றொன்று அளந்து காட்டும்.

தாயிடமிருந்து சேய்க்குச் சிபிலிஸ் பரவுவதை ஒழித்த நாடென 2019இல் இலங்கைக்கு உலக சுகாதார ஸ்தாபனம் சான்றளித்தது. கருவுற்ற தாய்மாரைத் தவறாது சோதித்ததால் வந்த பெருமை அது. கொழும்பு டி சேரம் பிளேசிலுள்ள அரசாங்க நிலையத்தில் சோதனையும் சிகிச்சையும் இலவசம். ஆங்கிலத் தாளை நீட்டி அனுப்பாது, முடிவின் பொருளைத் தமிழில் விளக்குவது ஆய்வுகூடங்களின் கடமை. அதனைக் கேட்டுப் பெறுவது நம் உரிமை!