காடும் கன்னியரும்

விடுமுறை நாளொன்றில் இல்லத்துச் சிறுவர் சிறுமியருடன் அமர்ந்து, வால்ட் டிஸ்னி 1937ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘ஸ்னோ ஒயிட்’ சித்திரப் படத்தை நாம் மீண்டும் கண்டோம். மாற்றாந்தாயின் கொலைக் கட்டளைக்குத் தப்பி, அரசிளங்குமரி காட்டினுள் ஓடுகிறாள். மரக்கிளைகள் கைகளாய் நீண்டு பற்றுகின்றன. இருளெங்கும் கண்கள் மின்னுகின்றன. அவள் அழுது ஓய்ந்ததும் அக்கண்கள் மானும் முயலும் அணிலுமாகி அவளைச் சூழ்கின்றன. பின்னர் நடப்பது யாது? குள்ளர் எழுவரின் குடிலை அவளும் அவ்விலங்குகளும் கூடிப் பெருக்கித் துலக்குகின்றனர்.

“காட்டுக்குப் போனாலும் பாத்திரம் தேய்க்கத்தான் வேண்டுமா, சித்தப்பா?” என்றாள் ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி. நகைத்தோம், ஆயினும் அவ்வினா நம்மை விடவில்லை.

இப்படத்தில் இயற்கையோடு உறவுடைய பெண்டிர் இருவர். ஒருத்தி இனியவள், காடு அவளுக்கு ஏவல் செய்கிறது. மற்றொருத்தி காற்றையும் இடியையும் தன் கலவையில் சேர்க்க அறிந்த அரசி. அவள் சூனியக்காரியாகிப் பாறையினின்று வீழ்ந்து மடிகிறாள். அவள் காய்ச்சியது நஞ்சே, மறுக்கவில்லை. எனினும் மென்மையுடையவளே காட்டுக்கு உகந்தவள், அறிவுடையவள் அஞ்சத்தக்கவள் என்னும் பாடம் பிள்ளைகள் உள்ளத்தில் ஓசையின்றிப் பதிகின்றது. தூதுவளையும் ஆடாதோடையும் அறிந்த பாட்டியரிடம் வளர்ந்த நமக்கு இது உறுத்துகிறது.

பெண்ணை அடக்குதலும் மண்ணைச் சுரண்டுதலும் ஒரே வேரில் கிளைத்தவை என்பார் உளர். அக்கொள்கைக்கு 1974இல் பெயர் சூட்டியவர் பிரெஞ்சு எழுத்தாளர் பிரான்சுவாஸ் தோபோன். அதே ஆண்டு மார்ச்சுத் திங்களில், இமயச் சாரலின் ரேணிச் சிற்றூரில் கௌரா தேவியும் உடனிருந்த பெண்களும் மரம் வெட்ட வந்தோரைத் தடுத்து நின்றனர். ஆனால் பெண் பிறவியிலேயே காட்டின் தோழி என்பதைப் பொருளியல் அறிஞர் பீனா அகர்வால் ஏற்கவில்லை. விறகும் தீவனமும் தண்ணீரும் சுமப்பவள் அவளாதலின், காடழிந்தால் ஏழைப் பெண்ணின் பாடே பெரிதும் மிகுகிறது. உழைப்பு யாருடையது, நில உரிமை யாருடையது என்று பார்க்க வேண்டும் என 1992இல் எழுதினார். நமக்கும் இதுவே சரியெனப் படுகிறது.

அதனாலேயே ஜப்பானியர் ஹயாவோ மியாசாகி 1997இல் அளித்த ‘இளவரசி மோனோனோகே’ நெஞ்சில் நிற்கின்றது. ஓநாய்த் தெய்வம் வளர்த்த சான் என்னும் பெண் காட்டைக் காக்கப் போரிடுகிறாள். எதிர்நிற்பவளும் பெண்ணே: இரும்பாலைத் தலைவி எபோஷி. அவள் காட்டை அழித்து இரும்பு உருக்குகிறாள். கானகத் தெய்வத்தின் தலையையே சுட்டு வீழ்த்துகிறாள். அரக்கி எனத் தள்ளிவிடலாமோ? விலைமகளிராய் விற்கப்பட்டோரை மீட்டு வேலை தந்தவள் அவள்; தொழுநோயாளரின் புண்ணைக் கழுவிக் கட்டியவளும் அவளே. அவ்வாலையில் பெண்கள் இரவும் பகலும் துருத்தி மிதிக்கின்றனர். வேலை கடிதுதான், ஆயினும் பழைய வாழ்வினும் நன்று, வயிறார உண்கிறோம் என்கின்றனர். சொந்த மண் விட்டுப் பிழைப்புத் தேடி வந்த குடும்பத்தினராகிய நாம் அச்சொல்லை எளிதில் கடக்க இயலுமோ? நம் அடுப்பெரிய எந்தக் காடு அழிந்ததோ!

இறுதியில் சான் மனிதரை மன்னிக்க இயலாது காட்டுக்கே திரும்புகிறாள். ஒரு கையிழந்த எபோஷி, நல்லதோர் ஊரை மீண்டும் அமைப்போம் என்கிறாள்.

அச்சிறுமி இப்படத்தையும் பார்த்தாள். “இருவரில் யார் கெட்டவள்?” என்று கேட்டாள். அவள் அன்னை விடை கூறவில்லை. துருத்தி மிதிக்கும் காட்சியை மறுமுறை ஓட்டச் சொன்னாள்.