சேற்றுக்கு எதற்கு யானை?

2004 ஏப்ரலில் நடிகர்கள் யூவன் மெக்ரெகரும் சார்லி பூர்மனும் லண்டனிலிருந்து கிழக்கே கிளம்பி, கஜகஸ்தான், மங்கோலியா, சைபீரியா, அலாஸ்கா வழியாக மோட்டார் சைக்கிளில் நியூயார்க் போய்ச் சேர்ந்தார்கள். 'லாங் வே ரவுண்ட்' என்ற பெயரில் அது தொலைக்காட்சித் தொடராக வந்தது. முதலில் அணுகிய கேடிஎம் நிறுவனம் கைவிரித்துவிட, பிஎம்டபிள்யூ தன் ஆர்1150ஜிஎஸ் அட்வென்ச்சர் வண்டிகளைக் கொடுத்தது. அந்தத் தொடருக்குப் பிறகு பிரிட்டனில் ஒரு நம்பிக்கை ஊறிப்போனது: மண் பாதையில் ஓட்டப் பழக வேண்டுமென்றால் பெரிய 'அட்வென்ச்சர்' பைக் வேண்டும், இரண்டு பக்கமும் அலுமினியப் பெட்டி வேண்டும், கொஞ்சம் முரட்டுத் துணிச்சலும் வேண்டும். இவை இருந்தால் போதும், பாதை தானாக அமையும்.

இந்த நம்பிக்கையில் ஒரு வரிகூடச் சரியில்லை. அதற்கு மறுப்பு அந்தத் தொடரிலேயே இருக்கிறது. மங்கோலியாவில் படப்பிடிப்பாளர் க்ளாடியோ வான் பிளாண்டாவின் பிஎம்டபிள்யூவில் அடிச்சட்டம் உடைந்தது. அதை லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டு, உள்ளூரில் கிடைத்த ரஷ்யத் தயாரிப்பான இஷ் பிளானெட்டா ஒன்றை வாங்கி அவர் பயணத்தைத் தொடர்ந்தார். பழைய பாணி வண்டி, பார்க்கவும் சுமார்தான். நட்சத்திரங்கள் இருவரும் தங்கள் கனத்த வண்டிகளைச் சேற்றிலிருந்து இழுத்துக்கொண்டிருந்த அதே நிலத்தில் அது ஓடியது. பலரும் பார்த்த தொடரில் இந்தக் காட்சியும் இருந்தது. ஆனால் கடைக்குப் போனவர்கள் நினைவில் வைத்திருந்தது பிஎம்டபிள்யூவை மட்டும்.

எடையைப் பார்ப்போம். அந்த வரிசையில் பின்னால் வந்த ஆர்1250ஜிஎஸ் அட்வென்ச்சர், பெட்ரோல் நிரப்பிய நிலையில் 268 கிலோ. பெட்டியும் ஆளும் ஏறுவதற்கு முன்பான கணக்கு இது. இங்கிலாந்தின் கிராமப் பாதைகளில் அடிக்கடி தென்படும் ஹோண்டா சிஆர்எஃப்300எல் 142 கிலோ; விலையும் அதில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டித்தான். சென்னையை அடுத்த ராயல் என்ஃபீல்டு ஆலைகளில் தயாராகி பிரிட்டன் வரை போகும் ஹிமாலயன் 450 இவற்றுக்கு இடைப்பட்டது, 196 கிலோ. நம்மூர் வண்டி என்பதற்காகச் சலுகை தர வேண்டியதில்லை. சேற்றில் முதல்முறை இறங்குகிறவருக்கு அதுவும் ஐம்பது கிலோ அதிகம்.

பெரிய இன்ஜின்தான் கரடுமுரடான நிலத்துக்கு ஏற்றது என்றால், உலகின் மிகக் கடுமையான பந்தயமான டக்கார் ராலியில் ஆயிரம் சிசி வண்டிகள் அல்லவா பறக்க வேண்டும்? 2011 முதல் அங்கே எல்லா மோட்டார் சைக்கிளுக்கும் உச்சவரம்பு 450 சிசிதான். ஸ்காட்லாந்தில் 1909-இல் தொடங்கி, இப்போது ஃபோர்ட் வில்லியம் மலைகளில் நடக்கும் ஆறு நாள் டிரையல் போட்டியில் பாறைகள் மேல் ஏறுகிற வண்டிகள் 70 கிலோவை ஒட்டியவை. 1995-இல் 'மோண்டோ எண்டூரோ' என்ற பெயரில் உலகைச் சுற்றக் கிளம்பிய பிரிட்டிஷ் நண்பர்கள் குழு தேர்ந்தெடுத்தது சுசூகி டிஆர்350. பிபிசி வேலையை விட்டுவிட்டு அலாஸ்காவிலிருந்து தென் அமெரிக்காவின் தென்கோடி உஷுவையா வரை தனியாகப் போன லோயிஸ் பிரைஸ் ஓட்டியது யமஹா எக்ஸ்டி225. சுமார் 120 கிலோ. விஷயம் தெரிந்தவர்கள் எடையைக் குறைத்துக்கொண்டே போகிறார்கள். புதிதாக வருகிறவர் மட்டும் கூட்டிக்கொண்டு வருகிறார்.

மழை விட்ட மறுநாள் காலையில் தெற்கு இங்கிலாந்தின் 'கிரீன் லேன்' எனப்படும் மண்பாதை ஒன்று எப்படி இருக்கும்? இருபுறமும் புதர்வேலி. நடுவே டிராக்டர் சக்கரங்கள் அறுத்த இரண்டு பள்ளங்கள், முழங்காலுக்குச் சற்றுக் கீழே வரும் ஆழம், அடியில் பால்டீ நிறத்தில் தண்ணீர். இரண்டுக்கும் நடுவே ஈரப்புல் முளைத்த திட்டு. முன்சக்கரம் பள்ளத்துக்குள் இறங்கியதும் புதியவர் செய்யும் முதல் காரியம், குனிந்து அந்தச் சக்கரத்தையே பார்ப்பது. அடுத்தது, முன்பிரேக்கைப் பிடிப்பது. டயர் பள்ளத்தின் சுவரில் உரசும், ஹேண்டில்பார் வெட்டித் திரும்பும், வண்டி சாயும். 142 கிலோ வண்டியென்றால் மெல்ல வெளியே வந்து, ஹேண்டிலை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பி, சீட்டில் முதுகைக் கொடுத்துக் குந்தி, கால் பலத்தில் பின்னோக்கி நடந்தே நிமிர்த்திவிடலாம். மூச்சு வாங்கும், அவ்வளவுதான். 268 கிலோ வண்டி சாய்ந்தால் கால் அதற்கு அடியில் இருக்கிறதா வெளியில் இருக்கிறதா என்பதே முதல் கேள்வி. நிமிர்த்துவதற்கு அடுத்த ஆள் வர வேண்டும். குதிரை கீழே தள்ளியதோடு குழியும் பறித்த கதை.

இதில் துணிச்சலுக்கு எங்கே இடம்? ஃபுட்ரெஸ்ட் மேல் எழுந்து நின்று, முழங்கால்களால் பெட்ரோல் டேங்கை லேசாக அணைத்து, பத்துப் பதினைந்து மீட்டர் முன்னால் பார்வையை வைத்து, இரண்டாவது கியரில் ஒரே சீராக ஆக்ஸிலரேட்டரைப் பிடித்துப் போவதுதான் வித்தை. ஒரு பள்ளத்தைத் தேர்ந்தெடுத்தால் அதிலேயே இருக்க வேண்டும். நடுவில் மனம் மாறி அடுத்ததற்குத் தாவினால் விழுவது நிச்சயம். இதெல்லாம் விழுந்து விழுந்து கற்கும் பழக்கம். விழுந்தால் எழுப்ப முடியாத வண்டியில் எப்படிக் கற்பது?

பெரிய வண்டிகள் குப்பை என்று இங்கே யாரும் சொல்லவில்லை. துணையோடும் சுமையோடும் ஒரு நாட்டை விட்டு இன்னொரு நாட்டுக்குத் தார்ச்சாலையில் போகிறவருக்கு அவற்றைப் போல் வசதி வேறில்லை. முறையாகப் பயின்ற கைகள் அவற்றை மலையிலும் ஏற்றும். அந்தக் கைகள் பெரும்பாலும் இலகு வண்டியில் பழகியவை என்பதை மட்டும் விளம்பரங்கள் சொல்வதில்லை.

விளம்பரங்கள் மறைக்கிற இன்னொரு சங்கதி இதைவிடப் பெரியது. மலைச்சரிவில் பாதையே இல்லாத இடத்தில் மண்ணை வாரி இறைத்தபடி ஒருவர் பாய்ந்து வருவார், பின்னணியில் சூரியன். இங்கிலாந்திலோ வேல்ஸிலோ உரிய அனுமதியின்றி அப்படி ஓட்டினால் 1988-ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 34-ஆம் பிரிவின்படி குற்றம். நடைபாதையில் ஓட்டுவதும், குதிரைப்பாதையில் ஓட்டுவதும் அதே பிரிவில்தான் வரும். பிறருக்குத் தொல்லை தரும்படி ஓட்டினால் 2002-ஆம் ஆண்டுக் காவல்துறைச் சீர்திருத்தச் சட்டத்தின் 59-ஆம் பிரிவின் கீழ் போலீஸார் வண்டியையே பறிமுதல் செய்ய முடியும். வண்டியின் விலை அவர்களைத் தடுக்காது.

அப்படியானால் எங்கேதான் ஓட்டுவது? இங்கிலாந்தில் பொதுமக்களுக்கு வழியுரிமை உள்ள பாதைகள் ஏறக்குறைய 1,90,000 கிலோமீட்டர். அதில் மிகப் பெரும்பகுதி நடப்பவர்களுக்கானது. அடுத்தது குதிரைக்காரர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும். எல்லா வாகனங்களுக்கும் திறந்த 'பைவே' என்ற வகை சுமார் 3,700 கிலோமீட்டர், அதாவது நூற்றுக்கு இரண்டு. இதோடு, தார் போடாமலே சாலைப் பட்டியலில் தங்கிவிட்ட பழைய கவுன்டி சாலைகள் உண்டு. ஆர்ட்னன்ஸ் சர்வேயின் 1:25,000 வரைபடத்தில் பைவேக்கள் பச்சை நிறக் கூட்டல் குறிகளாகவும், அந்தப் பழைய சாலைகள் பச்சைப் புள்ளிகளாகவும் தெரியும். புள்ளியிட்ட பாதை எல்லாவற்றிலும் வாகன உரிமை இருக்கும் என்று சொல்ல முடியாது; உள்ளூர் கவுன்சிலின் பதிவேட்டைப் பார்த்தே உறுதிசெய்ய வேண்டும். 2006-இல் வந்த இயற்கைச் சூழல் மற்றும் ஊரகச் சமூகங்கள் சட்டம், பதிவில் ஏறாதிருந்த பழைய வாகன உரிமைகளில் பெரும்பாலானவற்றை ஒரேயடியாக நீக்கிவிட்டது. குதிரை வண்டி போன பாதைதானே, நானும் போவேன் என்ற பழைய வாதம் அன்றோடு செத்தது.

பாதைகள் சேற்றில் தொலைவதைவிடக் காகிதத்தில் தொலைவதே அதிகம். டோர்செட் கவுன்டியில் சில பாதைகளைப் பைவேயாகப் பதிவுசெய்யக் கோரி 2000-களின் நடுவில் விண்ணப்பங்கள் போயின. கூடவே இணைத்த வரைபடம், 1:50,000 அளவிலான வரைபடத்தின் தரவைக் கணினியில் பெரிதாக்கி அச்சிட்டது. விதியோ 1:25,000-க்குக் குறையாத அளவு வேண்டும் என்கிறது. கவுன்சில் நிராகரித்தது. 1970-இல் தொடங்கிய மோட்டார் சைக்கிள்காரர்களின் சங்கமான டிரெயில் ரைடர்ஸ் ஃபெல்லோஷிப் விடாமல் வழக்காடியது. 2015-இல் பிரிட்டனின் உச்ச நீதிமன்றம், பெரிதாக்கப்பட்ட அந்த வரைபடம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. அந்தப் பாதைகளைக் காப்பாற்றும் சண்டையில் யாருடைய குதிரைத்திறனும் உதவவில்லை. அளவுகோலும் ஆவணமும் வழக்கறிஞரும்தான் உதவினார்கள். பெரிய பைக்குக்குக் கொட்டுகிற பணத்தில் ஒரு சிறு துளியை இத்தகைய சங்கத்தின் சந்தாவுக்குக் கொடுத்தால் ஓட்டுவதற்குப் பாதையாவது மிஞ்சும்.

மிஞ்சாத கதைகளும் இருக்கின்றன. தேசியப் பூங்கா ஆணையங்களுக்குப் போக்குவரத்தைத் தடைசெய்யும் அதிகாரம் 2007 முதல் கிடைத்தது. பீக் மாவட்ட ஆணையம் அதைப் பயன்படுத்தி லாங் காஸ்வே, சேப்பல் கேட், ரோய்ச் ஆகிய பாதைகளைப் பொழுதுபோக்கு வாகனங்களுக்கு மூடியது. தீர்மானங்களின் பின்னணியில் மண்ணரிப்பு, இரைச்சல், நடப்பவர்களின் அமைதி என்று பல காரணங்கள் பேசப்பட்டன. மோட்டார் சைக்கிள்காரர்கள் அந்த முடிவுகளை எதிர்த்தார்கள். அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. மலைப்பாதையை அரிப்பதில் மழைநீருக்கும் வடிகால் பராமரிக்காத நிர்வாகத்துக்கும் பெரும்பங்கு இருக்கிறது. ஆனால் சைலன்சரைக் கழற்றிவிட்டு, பின்சக்கரத்தைச் சுழலவிட்டு, ஏற்றத்தில் சீறிப்போகிற ஒருவர் போதும், எதிர்த்தரப்பு ஒரு புகைப்படத்திலேயே வழக்கை முடித்துவிடும். முரட்டுத் துணிச்சல் இங்கே தேவையில்லாத குணம் என்பதோடு நிற்கவில்லை, மற்றவர்களின் பாதையையும் சேர்த்து மூடவைக்கிற குணம் அது.

பொறுப்பான ஓட்டுநர் எதிரே குதிரை வந்தால் ஓரமாக நிறுத்தி இன்ஜினை அணைக்கிறார். குதிரை கடந்து வெகுதூரம் போனபிறகே கிளப்புகிறார். சாத்தியிருந்த கேட்டைக் கடந்தபின் மறுபடி சாத்துகிறார், ஏனென்றால் அப்பால் ஆடு மேய்கிறது. ஓரிரு பாதைகளில் மழைக்காலம் முழுக்கப் போவதே இல்லை. தெற்கே புகழ்பெற்ற ரிட்ஜ்வேயின் பைவே பகுதிகள் பலவற்றில் அக்டோபர் முதல் ஏப்ரல் முடிய மோட்டார் வாகனங்களுக்குத் தடை இருக்கிறது. சுண்ணாம்பு மண் நனைந்தால் சோப்புபோல வழுக்கும், சீக்கிரம் அறுபடும்.

தொடங்க நினைப்பவருக்கு ஆகும் செலவு, ஷோரூம் மிரட்டுகிற அளவுக்கு இல்லை. 17 வயதான ஒருவர் தற்காலிக உரிமமும் சிபிடி என்கிற ஒரு கட்டாய அடிப்படைப் பயிற்சியும் முடித்திருந்தால், எல் பலகை மாட்டி 125 சிசி வண்டியில் பைவேயில் சட்டப்படி போகலாம். பைவேயும் சாலைதான் என்பதால் உரிமம், காப்பீடு, வரி, எண் பலகை, மூன்று வருடத்துக்கு மேலான வண்டிக்கு எம்ஓடி தகுதிச் சான்று எல்லாம் தார்ச்சாலையைப் போலவே கட்டாயம். மோட்டோகிராஸ் மைதானத்து வண்டியை வேனில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்குபவர் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்.

டயரில்தான் காசைச் செலவழிக்க வேண்டும். பிரெலி எம்டி43 போன்ற டிரையல் டயர்களைப் பழகிய கிரீன் லேன்காரர்கள் பலர் விரும்புகிறார்கள். சாலையில் ஓட்டவும் சட்டம் அனுமதிக்கிறது, காற்றைக் கொஞ்சம் குறைத்தால் ஈரப்பாறையிலும் பிடிக்கிறது, பாதையையும் மோட்டோகிராஸ் டயர்போல் உழுவதில்லை. அப்புறம் நல்ல ஹெல்மெட், கணுக்காலுக்கு மேல் ஏறும் பூட்ஸ், முழங்கால் கவசம். அலுமினியப் பெட்டி வேண்டாம். கால் மாட்டி எலும்பு முறிவதற்கு அதைவிடத் தோதான பொருள் கிடையாது.

முதல் இடமாக சாலிஸ்பரி சமவெளி நல்லது. ராணுவம் 1897 முதல் வாங்கிச் சேர்த்த பயிற்சி நிலம். ஊடாகப் போகும் பைவேக்கள் பல அகலமான சரளைத் தடங்கள், கண்ணுக்கு எட்டும்வரை வெளி. சிவப்புக் கொடி பறந்தால் திரும்பிவிட வேண்டும். பாதையை விட்டு ஒரு அடி விலகக்கூடாது, வெடிக்காத குண்டுகள் மண்ணுக்குள் கிடக்கலாம். மத்திய வேல்ஸில் ஆற்றுக் கடப்புகளுக்குப் பெயர்போன ஸ்ட்ராட்டா ஃப்ளோரிடா பக்கம் முதல் வருடமே போகிறவர் ஆழம் தெரியாமல் காலை விடுகிறார்; இந்த இடத்தில் சொல்லுக்குச் சொல் அதுதான் நடக்கும்.

எனவே பெரிய வண்டிக்கு முன்பணம் கட்ட நினைத்திருப்பவர் ஒரு மாதம் பொறுக்கட்டும். அதற்குள் தன் ஊர்ப்பக்கத்து 1:25,000 வரைபடத்தை வாங்கிப் பச்சைக் குறிகளை எண்ணிப் பார்க்கட்டும், கவுன்சில் பதிவேட்டோடு ஒப்பிடட்டும், டிரெயில் ரைடர்ஸ் ஃபெல்லோஷிப்பின் உள்ளூர்க் குழுவோடு பழைய 250 சிசி வண்டி ஒன்றில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்வரட்டும். அதன் பிறகும் 268 கிலோதான் வேண்டும் என்று தோன்றினால், வாங்கிக்கொள்ளட்டும்.